சாமுண்டப்பையின் விளக்கு

போளூரிலிருந்து ஆரணிப் பக்கம் போகிறவர்களுக்கு இடக்கைப் பக்கம் முழுக்க ஜவ்வாது மலைதான். வடமாதிமங்கலம் தாண்டி உள்ளே திரும்பினால், அந்தப் பெரிய மலையிலிருந்து உருண்டு வந்து நின்றதுபோல வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பாறைக்குன்று தெரியும். பெயர் திருமலை. திருப்பதி நினைவு வருகிறவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம்: இங்கே மேலே இருப்பது பெருமாள் அல்ல, சமணத் தீர்த்தங்கரர்கள்.

வங்காள வரலாறு எழுதுகிற எவரும் இந்தக் குன்றைத் தொடாமல் போக முடியாது. 11-ம் நூற்றாண்டில் அங்கே யார் யார் எந்தப் பகுதியை ஆண்டார்கள் என்பதற்கு இங்குள்ள ஒரு கல்வெட்டு முக்கியமான சான்று. தண்டபுத்தியில் தர்மபாலன், தக்கணலாடத்தில் ரணசூரன், வங்காள தேசத்தில் கோவிந்தசந்திரன், அவர்களோடு மகிபாலன் என்று முதலாம் ராஜேந்திர சோழனின் படை வென்ற மன்னர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. அது கங்கை வரை நீளும். ராஜேந்திரனின் 13-ம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1025-ல் வெட்டியது. பள்ளிப் பாடப்புத்தகம் முதல் ஆராய்ச்சி நூல் வரை இதைத் 'திருமலைக் கல்வெட்டு' என்று குறிப்பிடும்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது முன்பாதியைத்தான். அத்தனை போரையும் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு, கல்வெட்டு தான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறது. பெரும்பாணப்பாடியில் கரைவழி மல்லியூரைச் சேர்ந்த வியாபாரி நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, இந்த மலையிலுள்ள குந்தவை ஜினாலயத்துக்கு அணையாத நந்தாவிளக்கு ஒன்று எரிக்க 20 காசும், அமுதுபடிக்கு, அதாவது படையல் சோற்றுக்கு, 10 காசும் கொடுத்திருக்கிறாள். சேதி இவ்வளவுதான். கங்கைவரை போன படையெடுப்பு, ஒரு வியாபாரி வீட்டுப் பெண்ணின் முப்பது காசுக்கு முன்னுரையாகப் பாறையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பகுதியில் சமணத் துறவிகள் தங்கிய இடங்களின் வரலாறு முழுக்க இப்படித்தான் கிடைக்கிறது. அரசனின் புகழ்மாலைக்கு அடியில், ஓர் ஓரமாக, விளக்கு, எண்ணெய், கிணறு, மதகு, சோறு.

அந்த இடங்களுக்குத் தமிழில் இருந்த பெயர் 'பள்ளி'. இன்றைக்குப் பள்ளி என்றால் புத்தகப் பையும் சீருடையும் நினைவுக்கு வரும். வைணவர்களுக்குப் பள்ளிகொண்ட பெருமாள் நினைவுக்கு வருவார். மதுரைக்காரருக்குப் பள்ளியறை. எல்லாவற்றுக்கும் அடியில் படுக்கும் இடம் என்ற பொருள் கிடக்கிறது. மலைக்குகையில் தரையைச் சமன்செய்து, தலைமாட்டில் தலையணைபோல் சற்றே உயர்த்தி வெட்டிய கற்படுக்கை. மழைநீர் உள்ளே வழியாமலிருக்கக் குகை வாயின் மேல்விளிம்பில் செதுக்கிய காடி. முதற்கட்டப் பள்ளி என்பது இவ்வளவே. அதற்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். திருமலையை ஒட்டிய வைகாவூரும் பழைய ஆவணங்களில் பள்ளிச்சந்த ஊர்தான்.

இந்தப் பள்ளி எந்த மாதிரி இடம் என்று புரிய ஓர் ஒப்பீடு உதவும். ஐரோப்பாவில் கிறிஸ்தவத் துறவிகள் இரண்டு வகை. ஊருக்கு வெளியே நிலபுலத்தோடு மடம் கட்டி, மதிலுக்குள் அடைந்து வாழ்ந்தவர்கள் ஒரு வகை. 13-ம் நூற்றாண்டில் அசிசியின் பிரான்சிஸும் தோமினிக்கும் தொடங்கிவைத்த யாசகச் சகோதரர்கள் இன்னொரு வகை. இவர்கள் நகரத் தெருவுக்குள்ளேயே தங்கினார்கள், வீடு வீடாகக் கையேந்தினார்கள், ஊர்விட்டு ஊர் நடந்தார்கள். அந்த நடை தமிழ்க் கரை வரைக்கும் வந்தது. பிரான்சிஸ் சபையைச் சேர்ந்த மொந்தெகொர்வினோ ஜான் 1291 வாக்கில் சீனத்துக்குப் போகிற வழியில் இந்தியாவில் 13 மாதம் தங்கினார். கூட வந்த நிக்கோலஸ் என்ற துறவி இறந்துபோக, மயிலாப்பூர் தோமையார் கோயிலில் அவரைப் புதைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

சமணப் பள்ளியை இந்த இரண்டாம் வகையோடுதான் சேர்க்க வேண்டும். சமண முனிவர் என்றதும் ஆளரவமற்ற காட்டுக்குள் போய்விட்டவர் என்று நினைக்கிறோம். களத்தில் நின்று பார்த்தால் அது பொருந்தவில்லை. ஜவ்வாது மலை சின்ன மலை அல்ல. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் உள்ளது. உள்ளே சந்தனம், புளி, சாமை விளையும் சரிவுகள், மலையாளி மக்களின் ஊர்கள், காவலூரின் வைணு பாப்பு வானாய்வகம் என்று தனி உலகமே இருக்கிறது. பேர்பெற்ற சமணப் பள்ளிகள் அந்த உட்காட்டை விட்டுவிட்டு, மலையடிவாரத்திலும் அதற்கு அப்பாலுள்ள சமவெளிக் குன்றுகளிலும் அமைந்தன. காரணம் சாப்பாடு. சமைக்கக்கூடாது, சேமிக்கக்கூடாது, பகலில் ஒரே வேளை, அதுவும் இல்லறத்தார் கையால் பெற்றது என்பது திகம்பர முனிவரின் விதி. அப்படியென்றால் அடுப்புப் புகை தெரிகிற தூரத்துக்குள் குகை இருக்க வேண்டும். பக்கத்தில் ஏரி வேண்டும், ஏரிக்குக் கீழே நெல் வேண்டும். மழைக்கால நான்கு மாதமும் நடக்காமல் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசத்துக்கு ஒழுகாத பாறை வேண்டும். திருமலையில் இவை எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அந்த ஏரியைப் பற்றியே ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் ராஜராஜனின் 21-ம் ஆண்டு, அதாவது 1005-06 வாக்கு. மலையடிவாரக் கோபுரத்துக்கு முன்னால் மண்ணில் புதைந்து கிடந்த பாறையில் கண்டெடுத்தது. குணவீர மாமுனிவர் என்ற துறவி இங்கே ஒரு கலிங்கு கட்டினார், அதற்குக் 'கணிசேகர மருபொற்சூரியன்' என்று பெயர் வைத்தார், இருபுறமும் நெல் விளைவதைக் கண்டார் என்று செய்யுளாகவே பொறித்திருக்கிறார்கள். மண்ணைக் கிளறினால் புழு சாகுமே என்று மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டு உட்காருகிற மரபைச் சேர்ந்தவர், ஏரிக்குக் கலிங்கு போட்டிருக்கிறார். விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இடறும். ஊர் வறண்டால் பள்ளியும் பட்டினி என்ற கணக்கில் பார்த்தால் இடறாது. கணிசேகரன் என்பது ஒரு மனிதரின் பெயர்தான், ஒருவேளை சோதிடம் அறிந்த ஆசிரியராக இருந்திருக்கலாம். அவர் பெயரில் பாட்டு எழுதாமல் தண்ணீர் வழியும் கட்டுமானத்துக்குச் சூட்டிய அந்த முனிவரின் நடைமுறை அறிவு பிடித்திருக்கிறது.

துறவிகள் கூடி இருந்த இடத்தில் சண்டையும் இருந்தது. வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊர். ஆதித்த சோழனின் 14-ம் ஆண்டு, சுமார் 885. அங்கே கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியும் அவருடைய மாணவியர் 500 பேரும் இருந்தார்கள். இன்னொரு தரப்பில் 400 தவசியர். இருதரப்புக்கும் ஏதோ ஒட்டாமல் போய்விட்டது. குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் நாங்களே காப்போம், சோறும் போடுவோம் என்று ஊரார் பொறுப்பேற்றுக்கொண்டதைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். 500 என்பது சரிபார்த்த எண்ணிக்கையா, அந்தக் காலத்துப் பேச்சுவழக்கா என்ற சந்தேகம் இருக்கட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர் ஒன்று, ஒரு பெண் ஆசிரியர் பக்கம் நின்று எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

குரத்தி என்ற சொல்லையே நாம் தொலைத்துவிட்டோம். குருவுக்குப் பெண்பால். இன்று பள்ளிக்கூடத்தில் 'டீச்சர்' இருக்கிறார், 'மிஸ்' இருக்கிறார், குரத்தி இல்லை. ஆற்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கத்தில் இன்னொரு குரத்தி: பட்டினிக்குரத்தியடிகள். பெயரிலேயே உண்ணாநோன்பு. திருப்பான்மலையின் அரிஷ்டநேமி பட்டாரரின் மாணவி. முதலாம் பராந்தகனின் 38-ம் ஆண்டில், 945 வாக்கில், அந்த ஊரில் இவர் கிணறு தோண்டிய செய்தி அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது.

அந்தத் திருப்பான்மலையை இப்போது பஞ்சபாண்டவர் மலை என்கிறார்கள். இது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். பாறையில் படுக்கை கண்டால் பாண்டவர் வனவாசத்தில் படுத்தது என்று சொல்லிவிடுவது. அங்கே பல்லவ மன்னர் 'நந்திபோத்தரசர்' காலத்தில், அவருடைய 50-ம் ஆண்டில், நாரணன் என்பவர் பொன்னியக்கியார் என்ற பெண்தெய்வத்தின் உருவத்தையும் நாகநந்தி என்ற ஆசிரியரின் உருவத்தையும் செதுக்கச் செய்தார். அதைவிடச் சுவையான கல்வெட்டு ராஜராஜனின் 8-ம் ஆண்டில், அதாவது 993 வாக்கில் வெட்டியது. கூறகன்பாடி என்ற ஊரின் வருமானம் பள்ளிச்சந்தம். அந்த வருமானத்தில் கற்பூரவிலை என்றும், அந்நியாயவாவதண்டவிறை என்றும் வரிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெயரைப் பாருங்கள். வரியின் பெயரிலேயே 'அந்நியாயம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகுதியை ஆண்ட இலாடராஜன் வீரசோழன் மலைக்கு வந்தபோது, பள்ளிச்சந்தம் கெட்டுப்போகிறது, இந்த வரிகளை விட்டுவிட வேண்டும் என்று அவன் தேவி இலாடமாதேவி கேட்டாள். அவன் விட்டான். கேட்டவள் பெயரையும் சேர்த்தே கல்லில் எழுதினார்கள்.

சாமுண்டப்பை, கனகவீரக் குரத்தி, பட்டினிக்குரத்தி, இலாடமாதேவி. கோயிலுக்குப் பெயர் தந்த குந்தவையையும் சேர்க்கலாம். ராஜராஜனின் அக்காள் குந்தவை என்பதே பலரும் ஏற்கும் கருத்து. திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஜினருக்கும் மூன்று கோயில் எடுப்பித்தவள் அவள். இங்கேயும் ஒன்று அவள் பெயரில் இருப்பதில் வியப்பில்லை. மொத்தத்தில் இந்தப் பள்ளிகளின் கணக்குப் புத்தகத்தில் பெண்கள் கை அதிகம் ஓடியிருக்கிறது.

ஆண்கள் பக்கத்தில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. விடுகாதழகிய பெருமாள். பெயர் அல்ல, ஓவியம். தோள்வரை தொங்கும் வளர்த்த காது அழகுக்கு அடையாளமாக இருந்த காலத்து மனிதர். தகடூர், அதாவது தருமபுரி, அதியமான் வழியில் வந்தவர். 12-ம் நூற்றாண்டு முடிந்து 13 பிறக்கிற சமயம் திருமலைக்கு வந்திருக்கிறார். தன் முன்னோன் எழினி இங்கே செய்துவைத்த இயக்கன், இயக்கி என்ற காவல்தெய்வத் திருமேனிகள் பழுதுபட்டுக் கிடந்தன. அவற்றைச் சீர்செய்து மலைமேல் வைத்தார். எறிமணி ஒன்று கொடுத்தார். கடப்பேரிக்குக் கால்வாயும் வெட்டிக் கொடுத்தார்.

இதைத் தமிழிலும் வடமொழியிலும் பொறித்தார்கள். வடமொழியில் எழுதிய புலவருக்கு வந்த சங்கடம் ரசிக்கத்தக்கது. பெயர்களையும் மொழிபெயர்த்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டார். எழினி என்றால் திரைச்சீலை என்றும் பொருளுண்டு அல்லவா, அதனால் எழினி 'யவனிகா' ஆகிவிட்டான். விடுகாதழகியார் 'வ்யாமுக்தச்ரவணோஜ்வலர்' ஆனார். வடமொழிப் பகுதியை மட்டும் படிப்பவர், யவனிகா யாரோ கிரேக்கத் தொடர்புள்ளவன் என்று எண்ணி ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். பக்கத்திலேயே தமிழ் இருந்ததால் தப்பித்தோம்.

ஒரு குடும்பத்தின் பழக்கம் எவ்வளவு காலம் நீளும்? திருக்கோவிலூருக்குப் பக்கத்து ஜம்பையில் 1981-ல் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஒரே வரி. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது சேதி. பாளி என்றால் பள்ளி, துறவியர் தங்கும் குகை. அசோகனின் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்று நெடுநாள் நடந்த வழக்குக்கு அந்த ஒரு வரி தீர்ப்பு சொன்னது. அது சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தையது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக நாம் அறிந்த அஞ்சி, துறவிகளுக்குக் குகை கொடுத்திருக்கிறான். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அதே குடிப்பெயரோடு ஒருவர் வந்து, பழைய சிலைக்குப் பழுது பார்த்து மணி தொங்கவிடுகிறார். இடையில் ரத்த உறவு அறுபடாமல் வந்ததா என்று நிரூபிக்க முடியாது. அப்படி வந்ததாக அவர்கள் நம்பினார்கள் என்பதே போதும்.

பள்ளியின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்ட ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில் ஒரு குகை இருக்கிறது. ஆர்மாமலை. அருகர் மாமலை என்பது திரிந்து வந்த பெயர். பெரிய இயற்கைக் குகை. அதற்குள்ளே சுடாத பச்சைச் செங்கல்லாலும் மண்ணாலும் சுவர் எழுப்பி அறை பிரித்திருக்கிறார்கள். சூளை வைக்கவில்லை, கருங்கல் அடுக்கவில்லை. குடியானவர் மாட்டுத் தொழுவத்துக்கு வைக்கிற அதே சுவர். மழை படாத இடம் என்பதால்தான் அவற்றின் எச்சம் மிஞ்சியது. அந்த எளிய சுவருக்கு மேலே விதானத்தில் சித்தன்னவாசலை நினைவூட்டும் ஓவியம்: தாமரைக் குளம், அன்னப்பறவைகள், எண்திசைக் காவலர். சுமார் 8-ம் நூற்றாண்டு என்கிறார்கள். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. இருப்பதைப் பார்க்க அண்ணாந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் கறை போலத் தெரியும், பிறகு அது இலை என்று புரியும், பிறகு இலைக்குப் பின்னால் ஒரு கழுத்து வளையும்.

திருமலையில் கதை வேறு. அங்கே பாறையின் ஒதுக்கை ஒட்டிச் செங்கல் சுவர் வைத்து, மாடி மேல் மாடியாகச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துவிட்டார்கள். குனிந்து, ஒருக்களித்து, படி ஏறி, மறுபடி குனிந்துதான் போக வேண்டும். ஓவியங்கள் பல அடுக்காக இருக்கின்றன. பெரும்பாலானவை விஜயநகரக் காலத்தவையும் அதற்குப் பிந்தியவையும். வட்டத்துக்குள் வட்டமாகத் தீட்டிய சமவசரணம் கண்ணில் நிற்கும். தீர்த்தங்கரர் நடுவில் இருந்து உபதேசிக்க, தேவரும் மனிதரும் விலங்கும் தத்தம் வட்டத்தில் அமர்ந்து கேட்கும் சபை அது. அறைகளின் அளவைப் பார்த்தால் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம், இருவர் படுத்தால் இடிக்கும். வெளியே வந்து இன்னும் மேலே ஏறினால் பாறையிலேயே புடைத்து நிற்கிறார் நேமிநாதர். 16 அடி உயரம். ஊர்ப்பெயர் சிகாமணிநாதர். கீழே கலிங்குக் கணக்கும் விளக்குக் காசும் பார்த்த எந்தச் சலனமும் அந்த முகத்தில் இல்லை. உச்சியில் முனிவர் திருவடிகள். சமண ஆசாரியர் பத்ரபாகுவோடு தெற்கே வந்த முனிவர்களில் 8,000 பேர் இங்கே உண்ணாநோன்பிருந்து முடிந்தார்கள் என்பது ஐதீகம்.

இங்கிலாந்தில் யாசகச் சகோதரர்களின் மடங்கள் எப்போது பாழாயின என்று கேட்டால் தேதி சொல்லலாம். எட்டாம் ஹென்றியின் ஆட்கள் 1538-ல் ஒன்றொன்றாகச் சாவி வாங்கிப் பூட்டினார்கள். கூரை ஈயத்தை உருக்கி விற்றார்கள். கல்லை ஊரார் எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு நாள் கிடையாது. சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர் கழுவேறிய கதைகளை ஒரே காரணமாகக் காட்டுகிறவர்கள் திருமலைக்கு வந்தால் குழம்பிப்போவார்கள். சம்பந்தர் வாழ்ந்த காலம் 7-ம் நூற்றாண்டு என்றால், இங்கே கல்வெட்டுகள் களைகட்டுவதே அதற்கு மூன்று நூற்றாண்டு கழித்துத்தான். சம்புவராயர் ராஜநாராயணனின் காலத்தில், 14-ம் நூற்றாண்டில், பொன்னூர் மண்ணைப் பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள் இங்கே ஒரு தீர்த்தங்கரர் திருமேனியை எழுந்தருளச் செய்திருக்கிறாள். அதன் பெயர் 'விகார நாயனார் பொன்னெயில்நாதர்'. துறவியர் தங்குமிடத்தைக் குறிக்கும் விகாரம் என்ற சொல் அப்போதும் உயிரோடிருந்தது.

அதற்குப் பிறகு தேய்வு மெதுவாக நடந்தது. நடந்து திரியும் முனிவர்கள் குறைந்தார்கள். காவியுடுத்து, மடத்தில் அமர்ந்து, குடும்பத்தாரின் சடங்குகளையும் வழக்குகளையும் கவனிக்கும் பட்டாரகர்கள் வந்தார்கள். தமிழ்ச் சமணருக்கு மேல்சித்தாமூர் தலைமை மடமாயிற்று. குகைகள் காலியாயின. சில இடங்களில் வேறு தெய்வங்கள் குடிவந்தன. கங்க மன்னன் ராசமல்லன் சமணப் பள்ளி அமைத்த வள்ளிமலை, அஜ்ஜநந்தி என்ற சமண முனிவர் செய்வித்த உருவங்கள் இன்னும் பாறையில் இருக்க, மக்களுக்கு வள்ளி தினைப்புனம் காத்த மலையாகிவிட்டது. பாண்டவர் பெயரோ முருகன் பெயரோ ஒட்டிக்கொண்டதால் பல பாறைகள் தப்பின என்பதையும் சொல்ல வேண்டும். பெயரில்லாத குன்றை ஜல்லி மிஷின் விட்டுவைப்பதில்லை.

திருமலை அப்படிப் பாழாகவில்லை. சுற்று வட்டாரத்தில் நயினார்கள், அதாவது தமிழ்ச் சமணக் குடும்பங்கள், இன்றும் உண்டு. போளூர், ஆரணி, வந்தவாசிப் பக்கம் நெல்லும் மணிலாவும் பயிரிட்டுக்கொண்டு, நெற்றியில் சந்தனமும் வாயில் வட ஆற்காட்டுத் தமிழுமாக இருக்கிறார்கள். ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் படியெடுத்து 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இந்தக் குன்றின் எழுத்துகளை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. கோயில் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 1998-ல் அடிவாரத்தில் அரஹந்தகிரி மடம் தொடங்கியது. விடுகாதழகியார் கல்வெட்டின் வடமொழிப் பகுதி மலைக்கு இட்ட பெயர் 'அர்ஹஸுகிரி', அருகரின் நன்மலை. மடத்தின் பெயர் அதை நினைவூட்டுகிறது. மடத்தைச் சார்ந்து பள்ளிக்கூடமும் இருக்கிறது.

சமண வீடுகளில் பொழுது சாயும் முன்னே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். விளக்கில் விழும் பூச்சி தட்டிலும் விழும் என்ற பயம். சமவெளியில் மற்ற ஊர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெயில் கிடைக்கும். இங்கே மேற்கே முழுக்க மலை மறைத்து நிற்கிறது. ஜவ்வாது உச்சியைச் சூரியன் தொட்டதும் நிழல் சரசரவென்று வயல் தாண்டி வந்துவிடும். அதற்குள் அடுப்பை அணைத்தாக வேண்டும்.